பச்சை உடம்புக்காரிக்கு எந்தப் பேடு?

சத்திரப்பட்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும், தெரு முனையிலேயே தறிச்சத்தம் கேட்கும். ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரிலும், பக்கத்துச் சமுசிகாபுரத்திலும் நெய்கிற துணியில் பெரும்பங்கு சேலைக்கடைக்கும் வேட்டிக்கடைக்கும் போவதில்லை. அது பேண்டேஜ் துணி, காஸ் துணி. வெளுத்து, வெட்டி, மடித்து, கட்டாகக் கட்டி நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ராஜபாளையத்தில் பஞ்சுக்கும் குறைவில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன் பின் மில் மேல் மில்லாக வந்து ஊரே நூல் ஊராக மாறியது. சர்ஜிகல் காட்டன் செய்வதற்கு நல்ல கச்சாப்பொருள், மில்லில் நீள இழையைச் சீவி எடுத்த பிறகு ஒதுங்குகிற குட்டை இழைப் பஞ்சு. மில்காரர்கள் கோம்பர் வேஸ்ட் என்பார்கள். காயத்தை மூடத் தேவையான துணியும் பஞ்சும் நம் காலடியிலேயே உற்பத்தியாகின்றன.

அப்படிப்பட்ட ஊரில், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எந்தப் பேடு வாங்குவது என்று கேட்டால் ஒருவருக்கும் சரியான பதில் தெரியவில்லை. கர்ப்பமாக இருக்கும்போது குங்குமப்பூவில் இருந்து வளைகாப்புப் பட்டு வரைக்கும் எல்லாரும் யோசனை சொல்கிறார்கள். குழந்தைக்குத் தொட்டில், கொசுவலை, வசம்பு எல்லாம் முன்கூட்டியே வந்து சேர்கின்றன. தாய்க்கு வேண்டிய பேடு மட்டும் கடைசி நிமிடத்தில், ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற மருந்துக்கடையில், அவசரமாகக் கைக்கு அகப்பட்டதாக வாங்கப்படுகிறது. என் தங்கையின் பிரசவத்தில் இதைக் கூட இருந்து பார்த்தேன். அதன் பிறகு தெருவில் யார் மாசமாக இருந்தாலும் இந்தப் பேச்சை நானே எடுத்துவிடுகிறேன். வாயால் சொல்லிச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். குழந்தை பிறந்ததும் நஞ்சு பிரிந்து வெளியே வருகிறது. அது கர்ப்பப்பையில் ஒட்டியிருந்த இடம் அத்தனையும் அப்போது திறந்த புண். கர்ப்பப்பை இறுகிச் சுருங்கித்தான் அங்கே அறுந்த ரத்தக் குழாய்களை நெரித்து அடைக்கிறது. அந்தப் புண் ஆறி முடிகிற வரைக்கும் உதிரம் போகும். முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பாக, அதிகமாக இருக்கும். அதன் பின் பத்தாம் நாள் வாக்கு வரை பழுப்பும் இளஞ்சிவப்புமாக மாறிக் குறையும். பிறகு மஞ்சள் கலந்த வெள்ளையாகி, நாலில் இருந்து ஆறு வாரத்தில் நின்றுவிடும். படுத்திருந்து எழும்போது சட்டென்று கொஞ்சம் கூடுதலாக வரும். பால் கொடுக்கும்போது வயிற்றைப் பிசைகிற மாதிரி வலியும் உதிரமும் வரும். கர்ப்பப்பை நல்லபடியாகச் சுருங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம், பயப்பட வேண்டாம்.

சிசேரியன் ஆனவர்களுக்கும் இதே கதைதான். “வயித்தக் கிழிச்சு எடுத்தாச்சே, கீழ எதுக்குப் பேடு?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நஞ்சு ஒட்டியிருந்த இடம் அவர்களுக்கும் புண்தானே. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். அத்தனை பேருக்கும் வயிற்றில் ஒரு தையலும் உள்ளே ஒரு புண்ணும் இருக்கும். சுகப்பிரசவம் ஆனவர்களில் பலருக்கு, குறிப்பாகத் தலைப்பிரசவக்காரிகளுக்கு, கீழே தையல் இருக்கும். ஆகவே மாதவிலக்குக்கு எந்தப் பேடு நன்றாக இருந்ததோ அதுவே இப்போதும் போதும் என்கிற கணக்கு இங்கே பொருந்தாது. வருகிற உதிரத்தின் அளவு வேறு, படுகிற இடமும் இப்போது ஆறாத புண்.

தங்கைக்குப் பிரசவம் ஸ்ரீவில்லிபுத்தூரில். நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டில் “பேடு – பெரியது” என்று இருந்தது. மாப்பிள்ளை ஓடிப்போய் வாங்கி வந்தார். இறக்கை வைத்தது, ரொம்ப மெல்லியது, பிரித்தால் மல்லிகை வாசம் அடிப்பது. கடையில் இருப்பதிலேயே விலை கூடியதைக் கேட்டு வாங்கியிருந்தார் பாவம், பாசத்தில். இரண்டாம் நாள் தங்கை, “அக்கா, உக்காரவே முடியல, தையல் மேல முள்ளு வச்ச மாதிரி குத்துது” என்று அழுதாள். அந்தப் பேட்டின் மேலுறை பிளாஸ்டிக் வலை. உலர்ந்தது போலத் தெரிய வேண்டும் என்பதற்காகத் துளைகள் போட்ட மெல்லிய படலம். புண் இல்லாத தோலில் அது உறுத்தாமல் இருக்கலாம். வீங்கி, தையல் முடிச்சு துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் உராயும், வியர்க்கும், சிலருக்குக் கொப்புளம்கூட வரும். வாசனைப் பொருளும் சேர்ந்தால் எரிச்சலுக்குக் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு அதை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்த பஞ்சு வைத்த காஸ் பேட்டை மாற்றினோம். சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

அந்தக் காஸ் பேடு என்பது வேறொன்றுமில்லை. நடுவில் உறிஞ்சும் பஞ்சு, அதைச் சுற்றி மெல்லிய காஸ் துணி. பஞ்சைத் தனியாகப் புண்ணில் வைத்தால் இழை பிரிந்து தையலில் ஒட்டும், எடுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். வெறும் காஸை வைத்தால் போதுமான அளவு உறிஞ்சாது. இரண்டையும் சேர்த்து அடுக்கினால் காரியம் ஆகும் என்று 1880-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் சாம்ப்சன் கேம்ஜி என்ற அறுவை மருத்துவர் செய்து காட்டினார். இன்றைக்கும் மருத்துவத் துணி விற்கிறவர்கள் கேம்ஜி ரோல் என்றுதான் அவர் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். மாதவிலக்குப் பேடு பிறந்த கதையும் கட்டுத்துணியில் இருந்து தொடங்கியதுதான். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு மரக்கூழில் செய்த உறிஞ்சுப் பொருளைக் கட்டுப்போடக் கொடுத்தார்கள். போர்முனையில் வேலை பார்த்த நர்ஸுகள் அதையே தங்கள் விலக்கு நாட்களுக்குப் பயன்படுத்தினார்கள். போர் முடிந்ததும், அதைச் செய்த கிம்பர்லி கிளார்க் நிறுவனம் 1920-ல் கோடெக்ஸ் என்ற பெயரில் பேடாகக் கடைக்குக் கொண்டு வந்தது. இன்று பேடு அழகுசாதனம் மாதிரி பூப்படம் போட்ட பாக்கெட்டில் வருகிறது. பிரசவம் ஆனவளுக்கு அதன் பழைய வேலை, அதாவது காயத்துக்குக் கட்டுத்துணியாக இருக்கிற வேலை, மறுபடி தேவைப்படுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் எதை எடுப்பது என்பது பாதி தெளிவாகிவிடும்.

முதல் ஐந்தாறு நாளுக்கு மெட்டர்னிட்டி பேடு என்று கேளுங்கள். நீளமாக, பஞ்சு மெத்தென்று, மேலுறை துணி போல இருக்கும். அது கிடைக்காவிட்டால் இரவுக்கென்று விற்கிற மிக நீளமான பேட்டில், மேலுறை பருத்தி மாதிரி மிருதுவானது என்று போட்டிருப்பதை எடுங்கள். வாசனை இல்லாததாக இருக்கட்டும். மெல்லியது என்பது இந்த நாட்களில் பெருமை இல்லை. தையல் மேல் மெத்தை வேண்டும். ஐந்தாறு நாள் கழித்து உதிரம் குறைந்ததும் சாதாரணப் பேட்டுக்கு வரலாம். வெள்ளைப்படுகிற கட்டத்தில் சிறிய பேடோ சுத்தமான பருத்தித் துணியோ போதும். ஆறு வாரத்துக்கும் விலை உயர்ந்த பேடு வாங்கி அடுக்க வேண்டியதில்லை.

பேண்ட் மாதிரி போட்டுக்கொள்கிற டயப்பர் இப்போது பிரசவப் பைகளில் நிறைய வருகிறது. சிசேரியன் ஆன முதல் ஓரிரு இரவுக்கு அது நல்ல உதவி. குனிந்து பேடை ஒட்டி மாற்ற முடியாத நேரத்தில் துணைக்கு இருப்பவர் பாதி வேலையைச் சுலபமாக முடிக்கலாம். அதற்கு மேல் எனக்கு அதில் விருப்பமில்லை. சித்திரை வைகாசி வெயிலில் நம்மூரில் அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் தையல் வியர்வையில் ஊறும். இன்னொரு காரணம் பெரியது. அதன் உள்ளே இருக்கிற ஜெல் தூள் ஏராளமாக உறிஞ்சும், மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். எவ்வளவு உதிரம் போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அது ஏன் தெரிய வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

உள்ளாடை விஷயம் சின்னது, ஆனால் யாரும் சொல்வதில்லை. வழக்கமான அளவுக்கு ஒன்றோ இரண்டோ பெரிய அளவில், தளர்வான பருத்தி உள்ளாடை நாலைந்து வாங்கி வையுங்கள். சிசேரியன் என்றால் இடுப்பு உயரமாக இருக்க வேண்டும், எலாஸ்டிக் தையலின் மேல் உட்காரக்கூடாது.

அடுத்து துணி. என் அம்மா காலத்தில் அம்மாச்சி பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து, துவைத்து, மடித்து, பரண் மேல் ஒரு மூட்டையாக எடுத்து வைப்பாள். அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்வார்கள். “நாங்க எல்லாம் துணிதான் வச்சோம், எங்களுக்கு என்ன ஆச்சு?” என்று அம்மா கேட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, உண்மை. துணி கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நைந்த பருத்தி வேட்டியைப் போல மிருதுவான பொருள் எதுவும் இல்லை. துணி காய்கிற இடத்தில்தான் சிக்கல். உதிரத் துணியை ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று சேலைக்கு அடியிலும், கட்டிலுக்குக் கீழும், குளியலறைக் கம்பியிலும் உலர்த்துகிறோம். ஈரம் முழுக்கப் போகாமல் கிருமி வளர்கிறது. அதையே திரும்பத் தையல் மேல் வைக்கிறோம். துணிதான் என்றால் சோப்புப் போட்டுத் துவைத்து, கொதிநீரில் போட்டு எடுத்து, மொட்டை மாடியில் நேர் வெயிலில் மொறமொறவென்று காய வையுங்கள். யார் பார்த்தால் என்ன? அப்படிக் காய வைக்க வீட்டில் வழி இல்லையென்றால், தையல் ஆறுகிற வரைக்குமாவது துணியைத் தவிர்த்து ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பேடையே வையுங்கள்.

வீட்டிலேயே பஞ்சும் காஸும் வாங்கிப் பேடு செய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் பஞ்சு விஷயத்தில் கவனம் வேண்டும். செடியில் இருந்து வருகிற பருத்திப் பஞ்சில் இயற்கையாகவே மெழுகு உண்டு, அது தண்ணீரை ஒட்டவிடாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அந்த மெழுகை எடுத்து, வெளுத்து, அலசிக் காய வைத்த பிறகே அது உறிஞ்சும் பஞ்சாகிறது. மெத்தைக்கு அடைக்கிற இலவம் பஞ்சு இதற்கு உதவவே உதவாது. சந்தேகம் வந்தால் எளிய சோதனை இருக்கிறது. கொஞ்சம் பஞ்சைக் கிள்ளி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். நல்ல சர்ஜிகல் காட்டன் பத்து விநாடிக்குள் நனைந்து மூழ்கிவிடும். மிதந்துகொண்டே இருந்தால் வாங்க வேண்டாம். மருந்துக்கடையில் வாங்கும் ரோலின் உறை கிழியாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்த ரோலை அலமாரியில் திறந்து போடாமல் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பேடு செய்ய வேண்டும். 1847-ல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், மருத்துவர்கள் கையைக் குளோரின் கரைசலில் கழுவ வைத்தார். பிரசவக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த தாய்மார் பலர் அதனாலேயே பிழைத்தார்கள். பேடு மாற்றுவதற்கு முன்பும் பின்பும் கை கழுவுவதைவிடச் சிறந்த சுகாதாரப் பொருள் இன்றுவரை கடைக்கு வரவில்லை.

பேடை முன்னிருந்து பின்னாக எடுங்கள், கழுவுவதும் அப்படியே. பின்னால் இருக்கிற கிருமி முன்னால் வரக்கூடாது. நனைந்தாலும் நனையாவிட்டாலும் முதல் வாரம் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். டம்பான், மென்சுரல் கப் இரண்டும் உள்ளே வைக்கிறவை. ஆறாவது வாரப் பரிசோதனை முடிந்து மருத்துவர் சரி என்று சொல்கிற வரைக்கும் அவை வேண்டாம். கப் பழகியவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும், ஆனாலும் உள்ளே புண் இருக்கும்போது எதையும் உள்ளே வைக்கக்கூடாது.

இனிக் கழுவுகிற தண்ணீர். வாங்கவே வேண்டாம் என்று நான் கையைப் பிடித்துத் தடுக்கிற பொருள்கள் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. பெண்களின் அந்தரங்கத்துக்கென்று வாசனை போட்டு விற்கிற வாஷ்கள், துடைப்புத் தாள்கள், ஸ்பிரேக்கள் எதுவும் பிரசவப் புண்ணுக்குத் தேவையில்லை. டெட்டால் மாதிரிக் கிருமிநாசினியைத் தண்ணீரில் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. அது தையலை எரிக்கும், தோலை வறட்டும். பெட்டடைன் பழுப்பு மருந்தை மருத்துவர் எழுதித் தந்தால் அவர் சொன்ன நாள் வரை மட்டும் போடுங்கள். அதில் உள்ள அயோடின் உடம்பில் ஏறித் தாய்ப்பாலுக்கும் போகும், நீண்ட நாள் போட்டால் குழந்தையின் தைராய்டைப் பாதிக்கலாம். சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீர் போதும். மூடியில் துளை போட்ட பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போதே தையல் மேல் மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தால் எரிச்சல் தெரியாது. இந்த ஒரு யோசனைக்காகத் தங்கை என்னைப் பல நாள் வாழ்த்தினாள். கழுவிய பின் மிருதுவான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

வேது விஷயத்தில் பெரியவர்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதித்த தண்ணீரை இடுப்பிலும் முதுகிலும் ஊற்றுவது உடம்பு வலிக்கு இதமாக இருக்கலாம். அதே சூட்டில் தையல் மேல் “சுரீர்”னு ஊற்றினால் புண் வெந்துபோகும், சிசேரியன் தையல் மேலும் அப்படித்தான். முதல் ஒரு நாள் வீக்கத்துக்கு ஐஸைத் துணியில் சுற்றிச் சில நிமிடம் வைப்பது நல்லது. “பச்ச உடம்புக்காரிக்கு ஐஸா!” என்று வீடே எழுந்து நிற்கும். வெளியே வைக்கிற ஐஸ் கர்ப்பப்பைக்குள் போகாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள், மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டாம் நாளில் இருந்து மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அகலமான டப்பில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் உட்காரலாம். தையல் போட்டவள் இந்தியன் கழிப்பறையில் குத்துக்கால் வைத்து உட்காருவது கொடுமை. வெஸ்டர்ன் இல்லாத வீட்டில், நடுவில் ஓட்டையுள்ள நாற்காலியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், விலை கூடிய பேட்டைவிட அது உதவும். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று பத்தியத்தில் தண்ணீரைக் குறைப்பதும் வேண்டாம். மலம் கட்டினால் முதலில் வதைபடுவது அந்தத் தையல்தான்.

இப்போது நான் எழுத வந்ததில் முக்கியமானது. பேடு உதிரத்தை உறிஞ்சினால் மட்டும் போதாது, எவ்வளவு போகிறது என்று காட்டவும் வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய பெரும் உதிரப்போக்கு உலகம் முழுக்கத் தாய்மார்களைக் கொல்கிற முதல் காரணங்களில் ஒன்று. பிரசவமான 24 மணி நேரத்துக்குள் அரை லிட்டரும் அதற்கு மேலும் போனால் பெரும் உதிரப்போக்கு என்று மருத்துவப் புத்தகம் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிற வரைக்கும் நர்ஸ் வந்து பேடைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்த பிறகு யார் பார்ப்பது? எங்கள் தெருவில் ஒரு பெண். சுகப்பிரசவம், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பழுப்பாகிக் குறைந்திருந்த உதிரம் திடீரென்று சிவப்பாகப் பெருகியது. மாமியாரிடம் சொன்னால் “கெட்ட ரத்தம் போகுது, போகட்டும், வயிறு சுத்தமாகும்” என்றாராம். மூலையறையில் தீட்டுக் கழிகிற வரை தனியாகப் படுத்திருந்தவள், தானே பேடை மாற்றிச் சுருட்டித் தானே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். எத்தனை பேடு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மயங்கி விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நஞ்சின் ஒரு துண்டு உள்ளேயே தங்கியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. ரத்தம் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள்.

கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. போகிறது அவளுடைய ரத்தம்.

பெரிய பேடு ஒன்று ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுந்தாலும், வெளுத்த உதிரம் மறுபடி சிவந்து பெருகினாலும், தலை கிறுகிறுத்து நெஞ்சு படபடத்தாலும் அப்படித்தான். உதிரத்தில் அழுகல் நாற்றம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகிற வலி, தையலில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வாசனை போட்ட பேடு வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்றத்தை மல்லிகை வாசம் மறைத்துவிட்டால் கிருமி ஏறியிருப்பது எப்படித் தெரியும்? பேடை மாற்றும்போது ஒரு நொடி நின்று நிறத்தைப் பாருங்கள், எடையைக் கையில் உணருங்கள். அருவருக்க அதில் எதுவும் இல்லை. பச்சை உடம்புக்காரி அசதியில் இருப்பாள், அதனால் கூட இருக்கிற அம்மாவோ அக்காவோ மதினியோ கணவரோ கேட்க வேண்டும்: “இன்னிக்கு எத்தன பேடு மாத்துன? என்ன கலரா இருக்கு?” சாப்பிட்டாயா என்று கேட்பதைப் போல இதையும் கேட்டால் போதும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தால் நாப்கினுக்குக் கை நீட்டத் தயங்க வேண்டாம். 2011-ல் தமிழக அரசு அறிவித்த புதுயுகம் திட்டம் வளரிளம் பெண்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு, பாக்கெட்டுக்கு 6 வீதம் 7 பாக்கெட் என்பது திட்டத்தின் கணக்கு. ஒரு நாளைக்கு ஆறு பேடு என்று வைத்தால் முதல் வாரத்துக்குச் சரியாகப் போகும். 2015-ல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் தாய்க்கான சோப்பும் கை கழுவும் திரவமும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தன, பேடு இல்லை. நாப்கினைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வீட்டுக்கு வருகிற கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் தையலைக் காட்டுங்கள், கூச்சப்பட வேண்டாம், அதைப் பார்க்கத்தான் அவர் வருகிறார். வெளியே வாங்குகிறவர்களுக்கு மக்கள் மருந்தகத்தில் ஒரு ரூபாய்க்கு ஒரு பேடு என்று 2019-ல் இருந்து கொடுக்கிறார்கள். குறைந்த உதிரம் இருக்கிற பிந்தைய வாரங்களுக்கு அது போதும். 2018 ஜூலையில் நாப்கின் மீதான 12 சதவீத ஜி.எஸ்.டி. வரியையும் நீக்கிவிட்டார்கள்.

பயன்படுத்திய பேடைக் காகிதத்தில் இறுகச் சுற்றிக் குப்பைக்காரரிடம் தனியாகக் கொடுங்கள். கழிப்பறையில் போட்டு அடைக்கவும் வேண்டாம், கண்மாய்க்கரையில் வீசவும் வேண்டாம். அதைக் கையால் பிரிக்கிறவரும் ஒரு பெண்தான், பெரும்பாலும்.

சத்திரப்பட்டியிலும் ராஜபாளையத்திலும் மருத்துவத் துணியும் பஞ்சும் செய்கிற முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். காஸும் பஞ்சும் உங்களிடம் இருக்கின்றன, வெளுக்கத் தெரியும், தரம் பார்க்கத் தெரியும், கிருமி நீக்கி உறை போடத் தெரியும். வாசனை இல்லாத, பிளாஸ்டிக் வலை இல்லாத, நீளமான பிரசவப் பேடை ஒரு வாரத்துக்கு ஆகிற அளவில் ஒரே பாக்கெட்டாகப் போடுங்கள். உறையின் மேல் தமிழில், பெரிய எழுத்தில், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் அச்சடியுங்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒவ்வொரு மருந்துக்கடையிலும் அது கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். அவசரத்தில் ஓடி வருகிற மாப்பிள்ளைமார் அதைத்தான் எடுத்துப் போவார்கள்.